மூன்று மிஷின்

கம்பெனி நர்ஸ் பத்மஜோதிக்கு முதலில்
மிஷின்மேல்தான் கோபம் வந்தது.
என் இடது கையில் பட்டையைச் சுற்றினாள்.
காற்று ஏறியது, இறங்கியது,
கண்ணாடிக்குள் ‘எர்ரர்’.
பேட்டரி மாற்றினாள். எர்ரர்.
ஸ்டோருக்கு எழுதிப்போட்டு
பதினெட்டு நாள் கழித்து வந்த புது மிஷினும்
என் கையை இறுக்கிக் கேட்டுவிட்டு
அதே சொல்லைத்தான் சொன்னது.
மூன்றாவது அவள் மாமனாருடையது,
வீட்டுக்குத் தெரியாமல் கொண்டுவந்தாள்.

அதற்கப்புறம்தான் விரல் வைத்துப் பார்த்தாள்.
மணிக்கட்டில்,
முழங்கை மடிப்பில்,
மறுபடி மணிக்கட்டில்.
“யூனிஸ், உனக்கு இந்தக் கையில நாடியே இல்லடி.”

சிரித்தேன்.
காலையிலிருந்து அறுபது ஜோடி ஷூவுக்கு
மேல்தோல் தைத்த கை அது.
“அப்போ செத்துட்டேனா சிஸ்டர்?”
அவள் சிரிக்கவில்லை.
வலது கையில் சுற்றினாள்:
நூற்று எழுபத்தெட்டு.

ஒரு வருஷமாகவே
தலை பின்னும்போது பாதியில் கை ஓய்ந்துவிடும்.
கொடியில் ஈரப் புடவை போட
இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டும்.
சாயங்காலமானால்
உண்டா இல்லையா என்று
தெர்மாமீட்டருக்கே சந்தேகமான காய்ச்சல்.
ரத்தம் கம்மி என்றார்கள்,
முருங்கைக்கீரை தின்றேன்.
டி.பி. என்றார்கள்,
ஆறு மாதம் சிவப்பாய்ச் சிறுநீர் போனேன்.
வேலைக்குக் கள்ளம் என்றார் சூப்பர்வைசர்.
அதற்கு மட்டும் மாத்திரை தரவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து வேலூர் பஸ்.
பாலாற்றுப் பாலத்தில் லாரி மறித்து நின்றது.
கீழே மணல், சீமைக் கருவேலம், ஒரு கிழிந்த பாய்.
“ஆறே செத்துப்போச்சும்மா” என்றார்
ஜன்னலோரப் பெரியவர்.
என்ஜினை அணைத்ததும் கேட்டது,
மணலுக்கு நடுவே குடிதண்ணீர்க் கிணற்றில்
பம்பு ஓடும் சத்தம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வரிசையில் பாதி வங்காளம்.
பக்கத்தில் ஒரு பெண், என் வயதுதான்,
மடியில் அவள் ஃபைல், என்னுடையதைவிடத் தடிமன்.
பேச மொழி இல்லை.
முறுக்கை நீட்டினேன்.
எடுத்துக்கொண்டு
இடது கையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள்.
நானும் காட்டினேன்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
ரத்தக்குழாயின் சுவரே வீங்கி
உள்வழியை அடைத்துக்கொண்டிருக்கிறதாம்.
தோள்பக்கம் நூலிழைபோல ஏதேதோ.
“இந்தச் சந்துகளில் சுற்றிக்கொண்டுதான்
கைக்கு ரத்தம் போகிறது” என்றார்.
நோய்க்குப் பெயர் தகயாசு,
ஜப்பான்காரர் ஒருவர் பெயர்.
அம்மா அதைத் ‘தக்க ஏசு’ என்று கேட்டுவிட்டு
நல்ல பெயராத்தானே இருக்கு என்றாள்.
திருத்தவில்லை.
அன்றிலிருந்து அவள் ஜெபத்தில்
யார் யாரை விரட்டுகிறார்கள் என்று
கடவுளுக்கே குழப்பமாக இருக்கும்.

மாத்திரையில் முகம் பூசணிக்காயானது.
கேட்டில் செக்யூரிட்டி
அடையாள அட்டையையும் என்னையும்
மாறி மாறிப் பார்க்கிறான்.
“ரவுண்டாயிட்டியே, இன்னா சாப்புடறே?” என்கிறார்கள்
கம்பெனி பஸ்ஸில்.
காலையில் எட்டு, வெள்ளை நிறம் என்றேன்.
யாருக்கும் புரியவில்லை.
குழந்தை இப்போது வேண்டாம் என்று
டாக்டரம்மா சொன்னதை
மாமியாரிடம் யார் சொல்வது என்பது
இன்னும் முடிவாகவில்லை.
ஜெபதாஸ் இப்போதெல்லாம்
என் வலது பக்கமாகவே நடக்கிறான்.
கேட்டால் டிராஃபிக் என்கிறான்.

பழைய மிஷின் இரண்டும்
பழுதில்லை என்று திரும்பி வந்துவிட்டன.
பத்மஜோதி என் கார்டில்
சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறாள்:
இடது வேண்டாம்.

ஷிஃப்டுக்கு முன்னால் கை கழுவும் இடத்தில்
கண்ணாடி பார்த்துத் தலை பின்னுவேன்.
மூன்று கால் எடுத்து நாலு மடிப்பு,
கை கீழே வந்துவிடும்.
பின்னால் நிற்கிற ஷாகிரா
பேச்சை நிறுத்தாமலே
மிச்சத்தை வாங்கிக்கொள்வாள்.
வெடுக்கென்று இழுத்து இறுக்கிப் பின்னுவாள்.
வலிக்கிறது என்று சொல்லலாம்.
சொன்னதில்லை.